கதவுக் கண்ணாடியில் ஒரு கறை

ஆளைக் காணோம் என்று வருகிறவர்கள் வழக்கமாக ஒரு போட்டோவோடு வருவார்கள். சாவியம்மா ஒரு டேப்லெட்டோடு வந்தாள். மழையில் தலையெல்லாம் நனைந்திருந்தது. டேப்லெட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வீடு விற்றுத் தரும் அலுவலகம் அவளுடையது. எல்லோரும் சாவியம்மா என்று கூப்பிட்டாலும் அவள் கையில் சாவியைப் பார்த்துப் பல காலம் ஆகிறது. அவள் வீடுகளின் பூட்டெல்லாம் இப்போது போனில் வரும் எண்ணுக்குத்தான் திறக்கும். வாடகைக்கு வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிக்கும் வேலையை மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்துக்குத் தருவாள். அந்தப் பழக்கத்தில்தான் ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, அப்பாவைக் காணோம்."

அந்தத் துப்பறியும் அலுவலகத்தை நடத்தும் அக்கா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கவனமாகக் கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். அவளுடைய உதவியாளன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் அக்காதான். அணைக்கும் பட்டன் இல்லாத ரேடியோ.

"எப்பலேர்ந்து?"

"காலையில ஊசி போட்டுக்கிட்டு, சாப்பிட்டுட்டு நடக்கப் போனார். தினமும் போறதுதான். மதியச் சாப்பாட்டுக்கு டாண்ணு வந்துடுவார். இன்னிக்கு வரல. சர்க்கரைக்காரர் அக்கா. இவ்வளவு நேரம் சாப்பிடாம இருந்தா மயக்கம் போட்டு எங்கேயாவது விழுந்துடுவார். போலீஸ்ல ராத்திரி வரைக்கும் பார்த்துட்டு வரச் சொல்றாங்க."

"ஞாபகமெல்லாம்?"

"சில நாள் என்னைவிடத் தெளிவு. சில நாள் அம்மாவுக்கும் சேர்த்துத் தட்டு வைப்பார்."

அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது ரேடியோவுக்குத் தெரியும். அதன் பிறகுதான் பெரியவர் மகளுடைய வீட்டுக்கு வந்தார்.

"அடையாளம் சொல்லுங்க," என்றான்.

"ஒல்லியா இருப்பார். சாம்பல் சட்டை, கருப்புக் குடை. பஸ் டிரைவரா இருந்தவர். உட்கார்ந்தா குடையைத் தரையில ஊணி, அது மேல ஒரு கையை வச்சுப்பார். கியர் பிடிக்கிற மாதிரி."

"அப்ப ரிவர்ஸ்ல எடுத்திருப்பார்," என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழைய வீட்டுல பார்த்தியா?"

"முதல்ல அங்கேதான் போனேன். வீடு காலியா பூட்டிக் கிடக்கு. விலைக்குப் போட்டிருக்கோம். உள்ளே போகணும்னா என் ஆப்ல நேரம் பதிவு பண்ணணும், அப்பத்தான் பூட்டுக்கு எண் வரும். யாருமே பதிவு பண்ணல. கடைசியாத் திறந்தது போன வாரம், நான். முன் தெரு முழுக்க நடந்து பார்த்துட்டேன்." டேப்லெட்டை மேஜைமேல் வைத்தாள். "இது அப்பாவோட டேப்லெட். அவர் கட்டில்ல இப்படித் திறந்தே கிடந்தது."

உறைக்குள் திரை எரிந்துகொண்டிருந்தது. சாவியம்மாவின் வலைத்தளம். விலைக்கு வந்த ஒரு வீட்டின் படம். அவள் பிறந்து வளர்ந்த வீடு.

"கீழே போகலாம். உன் கம்ப்யூட்டரைப் பார்க்கணும்," என்று அக்கா எழுந்தாள்.

ரேடியோவும் ஒரு காலத்தில் வீட்டுப் புரோக்கர்தான். ஒரு சைக்கிள், ஒரு சாவிக்கொத்து, ஊர்க்கதை. அது போதும் அந்தத் தொழிலுக்கு. இப்போது வீடு பார்க்க வீட்டுக்கே போக வேண்டாம். தன் தொழிலைத் தின்றதே இந்தச் சாஃப்ட்வேர்கள்தான் என்பான். கேட்டால் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

சாவியம்மாவின் அலுவலகத்தில் இரண்டு பெரிய திரைகள் இருந்தன. எந்த வீட்டை யார் பார்த்தார்கள், எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதையெல்லாம் ஒரு திரை சொன்னது. நேற்று மாலையிலிருந்து அப்பாவின் எண் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தது.

"இந்தப் படம் எப்பப் போட்டே?"

"நேத்து சாயங்காலம். பழைய படத்துக்கு யாரும் போன் பண்ணல, அதான் மாத்தினேன்."

"ஒருத்தர் இவ்வளவு தடவை பார்த்தா நீ என்ன செய்வே?"

"நான் ஒண்ணும் செய்ய வேணாம். அதுவே மெசேஜ் அனுப்பி…" சாவியம்மா பாதியில் நின்றாள். விரல் தானாகவே அனுப்பியவற்றின் பக்கத்தைத் திறந்தது. இன்று காலை அப்பாவுக்கு ஒரு செய்தி போயிருந்தது.

*இந்த வீடு உங்களுக்காகக் காத்திருக்கிறது. இன்று மாலையே வாருங்கள்.*

"நான் எழுதினதுதான்," என்றாள். "எல்லாருக்கும் போறது. எங்கப்பாவுக்கும் போகும்னு நினைக்கல."

அவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று ரேடியோ சுற்றிலும் பார்த்தான். பாட்டில் காலியாக இருந்தது. அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். தோட்டத்தில் நின்று வீட்டின் பின்பக்கத்தை எடுத்திருந்தார்கள். வானம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒரு சன்னலில் மஞ்சள் வெளிச்சம்.

"சாயங்காலம் எடுத்ததா?"

"மரத்தைப் பாருங்க அக்கா," என்றான் ரேடியோ. "நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கு. மரத்துக்கு மத்தியானம், வானத்துக்குச் சாயங்காலம். எங்க காலத்துல வீட்டுக்குத்தான் பெயின்ட் அடிச்சோம். வானத்துக்கு அடிக்கல."

"பகல் படத்தைக் கொடுத்தா சாயங்காலமா மாத்தித் தரும். சன்னல்ல விளக்கு எரியும். பார்க்கிறவங்களுக்கு வீட்டுக்குப் போகணும்னு ஒரு ஆசை வரும்," என்றாள் சாவியம்மா. "எல்லாரும் செய்யறதுதான்."

"நாலு சன்னல் இருக்கு. ஒண்ணுலதானே வெளிச்சம். சாஃப்ட்வேர் அப்படி ஒண்ணை மட்டுமா ஏத்தும்?"

அவள் நாற்காலியை மேஜையருகே இழுத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் ஏத்தும். மத்த மூணையும் நான்தான் அணைச்சேன். அது சமையலறை. அம்மா ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி. பகல்ல தூங்குவாங்க. எங்க வீட்டு முன் கேட் திறந்தா கத்தும், தெருவே எழுந்துடும். அதனால நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பக்கத்து இடுக்கு வழியா தோட்டத்துக்குப் போயிடுவேன். சமையலறையில விளக்கு எரிஞ்சா அம்மா எழுந்தாச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் உள்ளே போவேன்."

"அப்பாவுக்கு எந்த ஷிப்டு?"

"விடியற்காலை. மத்தியானமே முடிஞ்சுடும்."

"மத்தியானமே வீட்டுக்கு வந்துடுவாரா?"

"இல்ல. நான் வந்ததுக்கு அப்புறம்தான் வருவார்." சொல்லிவிட்டு அவளே அந்தக் கணக்கை யோசித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அதுவரைக்கும் எங்கே இருந்தார்னு நான் கேட்டதே இல்ல."

"உனக்கு விளக்கைப் பார்க்கத் தோட்டம் இருந்துது," என்றாள் அக்கா. "அவருக்கும் ஒரு இடம் இருந்திருக்கும். அங்கேருந்து அந்தச் சன்னல் தெரியணும். தோட்டத்துச் சுவர் எவ்வளவு உயரம்?"

"ஆள் உயரத்துக்கு மேல. பின்னால சந்து. சந்துல நின்னா ஒண்ணும் தெரியாது."

"அப்ப சன்னல்கிட்ட நின்னு வெளியே பார்த்துடலாம். அங்கேருந்து எதெல்லாம் தெரியுதோ, அங்கேயிருந்தெல்லாம் சன்னலும் தெரியும். வீட்டுக்குள்ள நடக்கிற படம் வச்சிருக்கியே, அதைப் போடு."

சாவியம்மா அதைத் திறந்தாள். தரையில் வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. ஒரு வட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தில் போய் நிற்கலாம். அங்கிருந்து நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். படம் ஹாலில் தொடங்கியது. காலி அறை, பகலிலும் எரியும் விளக்கு, முன் கதவு, கதவில் பதித்த, எதுவும் மங்கலாக மட்டும் தெரியும் பனிக்கண்ணாடி. கண்ணாடியில் அழுக்காக ஏதோ இருந்தது.

"வீட்டைத் துடைக்காமலேயே படம் எடுத்தாச்சா?" என்றான் ரேடியோ.

"எல்லாரும் இதையே சொல்றாங்க. வாங்க வந்தவர்கூடச் சொன்னார், கதவுல கறை இருக்குன்னு. நேர்ல போய்த் துடைச்சுப் பார்த்தேன், கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. படத்துலதான் ஏதோ கோளாறு. அழிக்கிறதுக்கும் ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இந்த வாரம் அழிச்சுடுவேன்."

அக்கா படத்துக்குள்ளேயே சமையலறைக்கு நடந்தாள். அடுப்பு மேடை அருகே இருந்த வட்டத்தைத் தொட்டு, சன்னல் பக்கம் திரும்பி, வெளியே தெரிந்ததைப் பெரிதாக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், சந்தைத் தாண்டி, மூடிக் கிடக்கும் ஒரு லாண்டரி. அதன் பக்கவாட்டில் மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டு. மேல் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் கலங்கலாக இருந்தது. யாருடைய முகம் விழுந்தாலும் சாஃப்ட்வேரே கலைத்துவிடும். ஆனால் கைகளைக் கலைப்பதில்லை. ஒரு கை முழங்காலில் இருந்தது. இன்னொன்று ஊன்றிய குடையின் தலைமேல்.

சாவியம்மா திரைக்கு மிக அருகில் போனாள்.

"இது மூணு மாசத்துக்கு முன்னால எடுத்தது," என்றாள்.

"அப்ப உன் மெசேஜ் கூப்பிட்டுப் போனவர் இல்ல. தினமும் போறவர்தான். மத்த நாள்ல மத்தியானம் திரும்பிடுவார். இன்னிக்கு 'மாலை'ன்னு எழுதியிருந்ததால அங்கேயே இருக்கார்."

"என்னால இல்லையா அக்கா?" அவள் நாற்காலியில் சாய்ந்தாள். அன்று முதல்முறையாக மூச்சு விட்டதுபோல இருந்தது. "இவ்வளவு நாளா இங்கேதானா? இந்தப் படத்தை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன். சன்னலுக்கு வெளியே யாரு பார்க்கறா."

ரேடியோ காரை எடுக்க எழுந்தான். அக்கா எழவில்லை. அதே சமையலறையில் அடுத்த வட்டத்தைத் தொட்டாள். சன்னலுக்கு இன்னும் நெருக்கமான இடம். மறுபடி வெளியே பார்த்தாள்.

படிக்கட்டு காலியாக இருந்தது.

"இந்த ரெண்டு படத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"கேமராவைத் தூக்கி அடுத்த இடத்துல வைக்கிற நேரம்தான்."

"அதுக்குள்ள எதுக்கு எழுந்தார்?"

"விளக்கைப் பார்த்திருப்பார்," என்றான் ரேடியோ வாசலில் நின்றபடி. அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் தன் பக்கம் திரும்பியதைக் கவனித்தான்.

வீட்டைப் படம் எடுக்கும்போது முதல் வேலை எல்லா விளக்கையும் போடுவது. அது அந்தத் தொழிலில் பாலபாடம். மேகமூட்டமான ஒரு முற்பகலில், மாதக்கணக்கில் இருண்டு கிடந்த சமையலறைச் சன்னலில் வெளிச்சம் வந்திருக்கிறது.

"ஹாலை எப்ப எடுத்தே?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"கடைசியா. பின்னாலேர்ந்து ஆரம்பிச்சு ஹால்ல முடிப்பேன்."

அக்கா மறுபடி ஹாலுக்கு வந்தாள். கதவுக் கண்ணாடியைப் பெரிதாக்கினாள். கறை நீளமாக, ஆள் உயரத்துக்கு இருந்தது. மேலே உருண்டை. பக்கத்தில் மெல்லிசாக ஒரு கோடு. கைத்தடி என்று நினைக்கலாம். குடை என்று தெரிந்தவர்களுக்கு அது குடை.

"பெல் அடிச்சுதா?"

சாவியம்மா திரையில் அந்த உருவத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அடிச்சுது. கேமரா நாலு பக்கமும் சுத்தி எடுக்கும்போது படத்துல ஆள் விழக்கூடாது அக்கா. விழுந்தா திரும்ப எடுக்கணும். குளியலறைக் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேன். யாரோ ஏதோ விக்க வந்திருக்காங்கன்னு நினைச்சேன். இன்னொரு தடவை அடிச்சுது. நான் அசையல. சுத்தி முடிஞ்சப்புறம் திறந்து பார்த்தேன். யாரும் இல்ல. விளக்கையெல்லாம் அணைச்சுட்டு வந்துட்டேன்."

ரேடியோ அதற்குள் காருக்குப் போயிருந்தான். அவன் போனது அவசரத்தால் மட்டும் இல்லை, அதற்கு மேல் கேட்க முடியாமலும்தான்.

மழை விட்டிருந்தது. சந்து முனையில் கார் நின்றபோது வானம் நிஜமாகவே இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கிருந்தே இரும்புப் படிக்கட்டு தெரிந்தது. மேல் படியில் சாம்பல் சட்டை. விரித்த குடைக்குக் கீழே அசைவில்லாமல் இருந்தார்.

சாவியம்மா கதவைத் திறந்து இறங்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"நீ போய்க் கூப்பிட்டா வருவார். நாளைக்கு மறுபடி வந்து உட்காருவார். ரேடியோ போகட்டும், முதல்ல ஏதாவது சாப்பிடட்டும். நீ வீட்டுக்குள்ள போய் விளக்கைப் போடு."

"அக்கா, அவர் அம்மான்னு நினைச்சு வருவாரே."

"வருவார். இந்தத் தடவை நீ கதவைத் திற."

ரேடியோ ஒரு கடையில் ஜூஸ் டப்பாவும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு படியேறினான். இரும்பு கணகணவென்று சத்தம் போட்டது. பெரியவர் திரும்பிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா வா தம்பி. ஆள் தூங்குறாங்க."

அவர் நெற்றியில் மழையில்லாத ஈரம். ரேடியோ உறிஞ்சு குழலைப் போட்டு ஜூஸை நீட்டினான். பெரியவர் யாருக்கும் சிரமம் கொடுக்காதவர்போல அதை வாங்கிக் குடித்தார். பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அவனுக்கும் ஒன்று கொடுத்தார்.

"நீங்க யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க?" என்றான் ரேடியோ. தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவனுக்கே தெரியாது.

"வீட்டுக்காரி. நைட் டியூட்டி பார்த்துட்டு வந்து படுத்திருக்கா. லைட்டைப் போட்டா போவேன். எத்தனையோ வருஷப் பழக்கம்." மடியில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார். "அவ செத்துட்டான்னு சொல்றாங்க. எனக்கும் தெரியும். நான்தானே தூக்கினேன். ஆனா ஒரு நாள் லைட் எரிஞ்சுது தம்பி. என் கண்ணால பார்த்தேன். ஓடிப் போய் பெல் அடிச்சேன். திறக்கல. அதுலேர்ந்துதான் ஒண்ணும் புரியல. செத்துட்டாளா, கோவமா இருக்காளா."

ரேடியோவிடம் எதற்கும் ஒரு நக்கல் இருக்கும். இப்போது கையிலிருந்த பாதிப் பிஸ்கட்டைத்தான் வாயில் போட்டுக்கொண்டான்.

அப்போது சுவருக்கு மேலே சன்னல் மஞ்சளானது.

பெரியவர் கத்தவில்லை, ஓடவில்லை. குடையை மடக்கினார். ரேடியோவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். சந்தைச் சுற்றி முன் தெருவுக்கு வரும்வரை பேசவில்லை. கேட்டருகே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கேட்டைத் தள்ளித் திறக்காமல், கீல் பக்கம் கொஞ்சம் தூக்கி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் நகர்த்தினார். சத்தமே வரவில்லை. அப்படித் திறக்கலாம் என்று அந்த வீட்டில் வேறு யாருக்காவது தெரிந்திருக்குமா என்று ரேடியோ நினைத்தான்.

பெல்லை அழுத்தினார். விரலை எடுக்கும் முன்பே கதவு திறந்தது.

சாவியம்மா நின்றாள். பின்னால் காலி ஹாலில் அக்கா. பெரியவர் மகளைப் பார்த்தார். அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தாம்பா." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கும் நான்தான் உள்ளே இருந்தேன். பெல் கேட்டுது. திறக்கல."

பெரியவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. எங்கோ தவறிய ஒரு பஸ்ஸின் நேரம் இப்போதுதான் சரியாகத் தெரிந்தது போன்ற முகம்.

"அதான் பார்த்தேன்," என்றார். "அவளா இருந்தா முதல் பெல்லுக்கே திறந்திருப்பா."

சாவியம்மா அவர் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டாள். அவர் மகளின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார். "நனைஞ்சிருக்கியே. ஏதாவது வேலையா இருந்திருப்பே அன்னிக்கு. பரவாயில்ல," என்று சொல்லிக்கொண்டே வெறும் காலோடு உள்ளே போனார். அடி எடுத்து வைப்பது மட்டும் மாறவில்லை. தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் நடப்பதுபோலவே நடந்தார்.

ரேடியோ வெளியிலேயே நின்றான். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், திறந்து கிடந்த கேட்டைச் சாத்தினான். கீலைத் தூக்க வேண்டும் என்பது நினைவில்லை. கேட் கத்தியது. தெருவே எழுந்துவிடும் கத்தல்.

ஹாலில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் படுக்கையறைப் பக்கம் திரும்பினார்கள்.

யாரும் எழுந்து வரவில்லை.